1815-க்குப் போன நாயகி: காலப் பயணக் காதல் நாவல் படித்தவர்கள் பேசலாம், வாங்க

அல்சூர்_வாசகி:

‘க்ளீன் ரொமான்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தனி வகையாகவே போடுகிறார்களே, அதில் ஒரு காலப் பயண நாவல் படித்து முடித்தேன். படுக்கையறைக் காட்சி கிடையாது. மொத்தக் கதையிலும் ஒரே ஒரு முத்தம், அதுவும் கடைசி அத்தியாயத்தில். சர்ச் தெருவில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நம் பெங்களூர் ஆட்கள் சிலர் கைமாற்றிப் படித்துவிட்டதால் இங்கேயே பேசிவிடலாம். தலைப்பை வேண்டுமென்றே போடவில்லை, பின் அட்டையே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. வேண்டுபவர்கள் தனிச் செய்தியில் கேளுங்கள்.

நாயகிக்கு 29 வயது. லண்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைச் செப்பனிடும் வேலை. ஒரு மஸ்லின் கவுனின் கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கும்போது 1815 மார்ச்சில் போய் விழுகிறாள். நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி பிரான்சில் கரையிறங்கிய மாதம். எப்படிப் போனாள் என்பதை ஆசிரியர் ஒரே பத்தியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதும்.

நான் மறக்கவே மாட்டேன் என்கிற இடம் கடிதக் காட்சி. அன்றைக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் தபால் கட்டணம் கட்ட வேண்டும். 1840-இல் ஒரு பென்னி தபால்தலை வரும்வரை அதுதான் வழக்கம். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும் என்பதால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டிவிடுவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. திருமணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளவே கூடாது.

நாயகன் எழுதிவிடுகிறான். தபால்காரர் வாசலில் நிற்கிறார். நாயகியிடம் காசு ஏது? அவளுக்கு இடம் கொடுத்திருக்கும் வீட்டு அம்மாள் கடிதத்தை வாங்கி, கையெழுத்தைப் பார்க்கிறாள். சில்லறையை எண்ணிக் கொடுக்கிறாள். உள்ளே வந்து காலைச் சாப்பாட்டு மேசையில் நாயகியின் தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பிக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கூடப் பட்டுக்கொள்ளாத இரண்டு பேரின் காதல் வீடு முழுக்கத் தெரிந்துபோகிறது. நூறு முத்தக் காட்சி எழுதினாலும் இந்தப் படபடப்பு வராது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். நாயகன் பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு இந்தியா வந்தவன். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அன்று அங்கே இருந்தவன். அவன் வீட்டு நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குறுவாள், பிடியில் புலிவரி. “இது எங்கிருந்து?” என்று கேட்கிறாள். “மைசூரிலிருந்து” என்கிறான். அவ்வளவுதான், அடுத்த பத்தியில் அவள் தோளிலிருந்து நழுவிய சால்வையை எடுத்துக் கொடுக்கிறான்.

அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். திப்புவின் மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் நிற்கிறது. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விசாரிப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. அவளுக்கு அந்தக் குறுவாளைப் பார்த்ததும் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நான் எப்படி நம்புவது? அன்றைய ஆட்கள் பார்க்காமல் விட்டதைப் பார்க்கத்தானே இன்றைய பெண்ணை அங்கே அனுப்புகிறோம்? இல்லையென்றால் 1815-இல் வாழ்ந்த ஒருத்தியையே நாயகியாக வைத்துவிடலாமே.

மெட்ரோ_வாசகன்:

அக்கா, நான் பர்ப்பிள் லைனில் ஒயிட்ஃபீல்டு போக வர இதைத்தான் படித்தேன். பிரஸ்ஸல்ஸ் நடன இரவுக் காட்சி படிக்கும்போது இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டிருப்பேன்.

படிக்காதவர்களுக்காக: 1815 ஜூன் 15 இரவு ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த நடன விருந்து உண்மையிலேயே நடந்தது. ஆங்கிலேயப் படைத் தளபதி வெலிங்டன் அங்கே இருந்தார். நெப்போலியன் நெருங்கிவிட்டான் என்ற செய்தி விருந்துக்கு நடுவில் வருகிறது. அதிகாரிகள் பாதியில் விடைபெற்றுப் போகிறார்கள். உடை மாற்ற நேரமில்லாமல் விருந்து உடையிலேயே மறுநாள் கத்ர் ப்ரா சண்டையில் நின்றவர்கள் உண்டு. 18-ஆம் தேதி வாட்டர்லூ போர். நாயகிக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தன்னோடு ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்களில் எத்தனை பேர் திரும்ப மாட்டார்கள் என்று தெரியும், வாயைத் திறக்க முடியாது. வால்ட்ஸ் ஆடும்போது நாயகனின் கை அவள் இடுப்பில் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய துணிச்சல். அடுத்த வருஷம் மன்னருக்குப் பதிலாக ஆண்ட இளவரசரின் விருந்தில் வால்ட்ஸ் ஆடியதை டைம்ஸ் பத்திரிகை கண்டித்தே எழுதியது. அவள் அவன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள், அழாமல் இருக்க. காலப் பயணமும் காதலும் ஒன்றையொன்று இப்படித் தாங்கிப் பிடிக்கிற இடம் வேறெந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

ஆனால் தகவல் பிழைகள் உறுத்துகின்றன. நாலாம் அத்தியாயத்தில் நாயகன் தீக்குச்சி உரசி மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். உரசினால் பற்றும் தீக்குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது 1827-இல். அதற்கு முன்பு சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் கருக்கிய துணியும்தான். நாயகிக்கு விளக்கு ஏற்றவே தெரியவில்லை, அவன் கற்றுக்கொடுக்கிறான் என்று எழுதியிருந்தால் எவ்வளவு அழகான காட்சி கிடைத்திருக்கும்!

பெரிய பிழை முடிவுரையில் இருக்கிறது. 1816 ஜூலையில் கொளுத்தும் வெயிலில் வைக்கோல் வயலோரம் திருமணம். அந்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே இல்லை! 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் கந்தகப் புகை மேலே பரவி வெயிலை மறைத்தது. மழையும் குளிருமாக இருந்து பயிர் அழுகி, பஞ்சம் வந்தது. எதிர்காலத்திலிருந்து வந்த நாயகிக்கு மட்டும்தான் ஏன் இப்படி என்று தெரிந்திருக்கும். ஊரே பயந்து கிடக்க, “அடுத்த வருஷம் சரியாகிவிடும்” என்று அவள் ஒருத்தி தைரியமாகச் சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பை ஆசிரியர் கைநழுவ விட்டுவிட்டார்.

ஃப்ரேசர்டவுன்_ஆச்சி:

கண்ணுகளா, ரெண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்து படித்த தலைமுறை நான். அதனால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன்.

ஒரு காதல் கதை படிக்கிறவரிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது. இந்த ரெண்டு பேரும் சேருவார்கள், நடுவில் எவ்வளவு கண்ணீர் வந்தாலும் கடைசியில் மனசு நிறையும் என்ற வாக்கு. வேலை, வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்கிற பெண்ணுக்கு அந்த வாக்கு ரொம்பப் பெரிது. அதில் யுத்தம், கொள்ளை, கம்பெனி ஆட்சி எல்லாவற்றையும் ஏற்றினால் கதை தாங்குமா? அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. வந்த இடத்தில் அவன் என்ன செய்திருக்க முடியும்?

அடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். க்ளீன் என்றால் உணர்ச்சி இல்லாத கதை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நாயகியின் கையுறையின் மணிக்கட்டுப் பொத்தான் கழன்றதும் அவன் அதைப் போட்டுவிடுகிறானே, அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். “போடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறான். அவள் தலையசைக்கும்வரை கையை நீட்டவில்லை. மரியாதை தெரிந்த ஆம்பளை என்று அந்த ஒரு இடத்திலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

பிடிஎம்_மாணவன்:

ஆச்சி, எனக்கு ஒரு சந்தேகம். கையுறைக் காட்சி எனக்கும் பிடித்தது. ஆனால் இந்த வகையில் நான் படித்த வேறு சிலவற்றில், நாயகி ‘ஒழுக்கமானவள்’ என்று காட்டுவதற்காக மற்ற பெண்களை மட்டம் தட்டுகிறார்கள். முத்தம் கொடுத்தவள் கெட்டவள், கொடுக்காதவள் நல்லவள் என்கிற கணக்கு. அது வந்தால் உடனே மூடிவிடுவேன். இந்த நாவலில் அது இல்லை என்பதால்தான் கடைசிவரை படித்தேன். நாயகி நம் காலத்தில் ஒருவனோடு வாழ்ந்து பிரிந்தவள். அதை 1815 நாயகனிடம் சொல்கிறாள். அவன் கேட்டுக்கொண்டு, “அவர் உன்னிடம் அன்பாக இருந்தாரா?” என்று மட்டும் கேட்கிறான். எனக்கு அந்தக் கேள்வி போதும்.

ஃப்ரேசர்டவுன்_ஆச்சி:

நூற்றுக்கு நூறு சரி தம்பி. பெண்ணைத் தரம் பிரிக்கிற கதை எனக்கும் ஆகாது.

இரவுப்பணி_செவிலி:

நான் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கிறவள். கதையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மனசு அங்கே போய் நின்றுவிடும்.

நாயகிக்கு 29 வயது என்றால் அவளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்தது. பொது மக்களுக்குப் போடுவது இங்கிலாந்தில் அதற்கு முன்பே நின்றுவிட்டது, இங்கேயும் அதையொட்டி நின்றுவிட்டது. நம் அம்மா, பாட்டி கையில் இருக்கிற அம்மை குத்திய தழும்பு நம் கையில் இல்லை, பாருங்கள். ஆக, 1815 லண்டனில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து அந்தத் தெருவில் பெரும்பாலான பெரியவர்களைவிட அதிக ஆபத்தில் இருப்பவள் அவள். இந்தப் பயம் நாவலில் ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்கும் தீர்வு அன்றைக்கே இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் 1796-இலேயே கோவசூரி (மாட்டம்மை) கொண்டு குத்திக் காட்டிவிட்டார். பம்பாயில் 1802 ஜூனில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அந்த அம்மைப்பால் பலித்தது. மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரை 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அம்மை குத்திக்கொள்ள மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காக வரைந்தது அது என்பது ஒரு வரலாற்றாய்வாளரின் கருத்து. அப்படியென்றால் மைசூரில் இருந்துவிட்டு வந்த நாயகனே அவளை மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கலாம். சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்கு மேலே ஊசி கீறும்போது அவள் இன்னொரு கையை அவன் பிடித்துக்கொள்கிறான். க்ளீன் ரொமான்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி உண்டா?

ஏரிக்கரை_பேரன்:

குறுவாள் விஷயத்துக்கு வருகிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில் பல, பட்டாளத்தோடு வந்தவை. பெங்களூரில் கண்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்பு அமைந்தது 1809-இல். சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், வியாபாரி என்று தமிழ் பேசும் மக்கள் கூடவே வந்து குடியேறினார்கள். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்றைக்கும் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. திப்புவுக்கு எதிராக நின்ற கம்பெனிப் படையில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. மதராஸ் படையின் நம் ஆட்களும் இருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்ததைப் பதவி வாரியாகப் பங்கு போட்டார்கள். தளபதிக்குப் போனது ஒரு பெரும் சொத்து, சிப்பாய்க்குக் கிடைத்தது சொற்பம்.

கே.ஆர். மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் பழைய கோட்டை வாசலைப் பார்த்திருப்பீர்கள். 1791 மார்ச் 21-இல் ஆங்கிலேயர் உடைத்து நுழைந்த இடம் என்று அங்கே கல்வெட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பூக்கூடை சுமந்து அதைத் தாண்டிப் போகிறவர்கள் நின்று படிப்பதில்லை. எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே இருந்தவர் பக்கமா, வெளியே இருந்தவர் பக்கமா, நான் எந்தப் பக்கம் நிற்பது என்று நிஜமாகவே தெரியாது. அதனால் நாயகனைக் கெட்டவன் ஆக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் அவன் அந்த நாளைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டும். பதினேழு வயதில் என்ன பார்த்தான்? குறுவாளை யாரிடமிருந்து எடுத்தான்? அதைச் சொல்லாத ஒருவனை அவள் எதை நம்பிக் கட்டிக்கொள்கிறாள்?

அல்சூர்_வாசகி:

ஏரிக்கரை அண்ணா, நான் சொல்லத் தெரியாமல் நின்ற இடத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவனைத் தண்டிக்க வேண்டும் என்பதல்ல. ஆச்சி சொல்கிற வாக்கை மீற வேண்டும் என்பதும் அல்ல. அவர்கள் சேரட்டும். சேருவதற்கு முன் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பேசட்டும்.

எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். அந்த நடன இரவுக்கு முந்தைய அத்தியாயம். அவன் இன்னொரு போருக்குப் போகப் போகிறான், அவளுக்கு அது தெரியும். “நீங்கள் முதன்முதலில் பார்த்த போரைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான். அழகுபடுத்தாமல், தன் பங்கையும் சேர்த்துச் சொல்கிறான். அவள் பதில் பேசாமல் எழுந்து போய்விடுகிறாள். மறுநாள் இரவு நடனத்துக்கு அவன் கை நீட்டும்போது அவள் கொடுப்பாளா மாட்டாளா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்போமா இல்லையா? வால்ட்ஸுக்கு இன்னும் பத்து மடங்கு கனம் ஏறும்.

அவள் உடுத்தியிருக்கும் மஸ்லின்கூட வங்காளத்து நெசவு. அதே தறிக்காரர்கள் கம்பெனியால் பட்ட பாடு துணி வேலை செய்கிற அவளுக்குத் தெரியாமல் இருக்காது. முதல் அத்தியாயத்தில் அந்தத் துணியின் இழையைப் பற்றி அத்தனை அன்பாக எழுதிய ஆசிரியரால் இது முடியும் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

ஃப்ரேசர்டவுன்_ஆச்சி:

நீ சொல்கிற காட்சி வந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் கண்ணு. அவன் உண்மையைச் சொல்வதும் மரியாதையில் சேர்த்திதான். கையுறைப் பொத்தானுக்கு அனுமதி கேட்டவன் இதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவள் எழுந்து போவதோடு நிறுத்து. பத்துப் பக்கம் பிரசங்கம் வைத்தால் நான் தள்ளிவிடுவேன்.

பிடிஎம்_மாணவன்:

முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே? (படிக்காதவர்கள் இங்கிருந்து தாண்டிப் போங்கள்.)

கவுனின் கிழிசலை முழுக்கத் தைத்துவிட்டால் நம் காலத்துக்குத் திரும்பிவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசித் தையலைப் போடாமல் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறாள். அங்கேயே தங்கிவிடுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் எப்போதும் பெண்ணே விட்டுக்கொடுக்க வேண்டும்? அவன் இங்கே வந்தால் என்ன?

இரவுப்பணி_செவிலி:

தம்பி, எனக்கும் அதுதான். சொன்னால் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். இளவரசி ஷார்லட், நாட்டின் வாரிசு, மிகச் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தும் 1817 நவம்பரில் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் செம்மல்வைஸ் வியன்னாவில் போராடியதே 1847-இல்தான். முடிவுரையில் நம் நாயகி கர்ப்பமாக இருக்கிறாள். ஆசிரியர் அதை மகிழ்ச்சியான செய்தியாக மட்டும் வைத்திருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் தங்கட்டும், அது அவள் விருப்பம். ஆனால் எதையெல்லாம் தெரிந்தே பணயம் வைக்கிறாள் என்று அவள் வாயால் ஒரு முறை சொல்லட்டும். மருத்துவச்சியிடம் “கொதித்து ஆறிய தண்ணீரில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்” என்று பிடிவாதம் பிடிக்கிற ஒரு காட்சியாவது வைத்திருக்கலாம்.

மெட்ரோ_வாசகன்:

சட்டப்படியும் நிறைய இழக்கிறாள். அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமானால் மனைவியின் பணமும் பொருளும் பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். சம்பாதித்தாலும் அவனுக்குத்தான். அதை மாற்றத் தொடங்கிய சட்டம் 1870-இல், முழுமையாக வந்தது 1882-இல். நல்ல குடும்பமாக இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதிப் பெண்ணுக்கென்று தனியாக ஒதுக்குவார்கள். நாயகன் வக்கீலை வரவழைத்து அப்படி ஒரு பத்திரம் போட்டுக் கொடுத்திருந்தால் நான் அவனை இன்னும் நம்பியிருப்பேன்.

ஏரிக்கரை_பேரன்:

அவன் நம் காலத்துக்கு வருவது நடக்காது என்று நினைக்கிறேன். 1815-இல் அவனை நம்பி ஐம்பது குடியானவர் குடும்பம் இருக்கிறது. வாட்டர்லூவில் கால் போன தம்பி இருக்கிறான். அவர்களை விட்டுவிட்டு வருகிறவனை அவளுக்குப் பிடிக்காது. அவளுக்கு இங்கே யாரும் இல்லை என்று ஆசிரியர் முதலிலேயே வசதியாகச் செய்து வைத்துவிட்டார், அப்பா அம்மா இறந்துவிட்டார்கள், தோழிகூடக் கிடையாது. இந்த வகை நாவல்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அவளுக்கு இங்கே ஒரு தங்கை இருந்திருந்தால் அந்த ஊசியைக் கீழே வைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

பிடிஎம்_மாணவன்:

தங்கை! ஆமாம் அண்ணா. அவள் 1815-இலிருந்து தங்கைக்கு ஒரு கடிதம் எழுதி, அருங்காட்சியகத்தில் போய்ச் சேரும்படி அந்தக் கவுனின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கலாம். இருநூறு வருஷம் கழித்துத் தங்கை பிரிக்கிறாள். பெறுகிறவர் காசு கட்ட வேண்டியதில்லை.

அல்சூர்_வாசகி:

தம்பி, இதை நீயே எழுது. நிஜமாகத்தான் சொல்கிறேன். தமிழிலேயே எழுது, கதையை இங்கேயே வை. இன்றைய அல்சூர்ப் பெண் 1809-க்குப் போகட்டும், புதிதாக எழும்புகிற கண்டோன்மென்டில் ஒரு தையற்காரர் வீட்டில் போய் இறங்கட்டும். ஏரிக்கரை அண்ணா பட்டாளத்து விவரம் பார்த்துக்கொள்வார், செவிலி அம்மை குத்துகிற காட்சிக்கு, மெட்ரோ தம்பி தேதிகளுக்கு. தமிழ்ச் சங்க நூலகத்தில் பழைய பெங்களூர் பற்றி என்ன இருக்கிறது என்று சனிக்கிழமை நான் போய்ப் பார்க்கிறேன்.

இந்த நாவலின் ஆசிரியருக்கும் எழுதப் போகிறேன். கடிதக் காட்சியைப் பற்றி முதலில் ஒரு பக்கம், அப்புறம் குறுவாள், அம்மை, தங்கை. மெட்ரோ தம்பி, தீக்குச்சி வருகிற பக்க எண்ணை அனுப்பு. புத்தகம் இப்போது ஆச்சியிடம் இருக்கிறது.

ஃப்ரேசர்டவுன்_ஆச்சி:

பக்கம் 61. ரெண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கிறேன், ஞாயிறு சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்.